சதுரங்கத்தில் இந்தியத் தற்காப்பு



சதுரங்கம் நம் நாட்டிலே தோன்றி, பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்து, அங்கே விதிகள் சில மாறப்பெற்று, மீண்டும் நம்மிடம் வந்து சேர்ந்த ஆட்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று உலகில் எந்த நாட்டில் போட்டி நடந்தாலும், ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளுள் ஒரு குடும்பம் முழுவதும் 'இந்தியன்' என்னும் பெயராலேயே வழங்கி வருகிறது. அக்குடும்பத்துள் மிகுதியும் புகழ்பெற்றது 'கிங்ஸ் இந்தியன்' எனப்படும் தற்காப்பு. இத்தற்காப்பில் வெள்ளைக் காய்களை ஆடுபவர் எதை நாடுகிறார், கறுப்புக் காய்களை ஆடுபவர் எதை நம்பி ஆடுகிறார் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தொடக்க முறைகளைப் பயில்வோர் பலர் இருபது நகர்வுகளை மனப்பாடம் செய்துவிட்டு, இருபத்தோராவது நகர்வில் திகைத்து நிற்பதைப் பார்க்கிறோம். எந்த நகர்வு எதற்காக என்று அறியாமையே அதற்குக் காரணம். நான் இன்று சொல்லப்போகும் தொடக்கமோ கருத்தை அறிந்தவனுக்கே பயன் தருவது. கருத்தறியாது இதை ஆடுபவன் எந்தப் பக்கத்தில் அமர்ந்தாலும் இடர்ப்படுவான்.

முதலில் காய்களின் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் அரசனுக்கு அருகில் நிற்கும் காயை மந்திரி என்பர். இன்றைய உலக ஆட்டத்தில் அவ்விடத்தில் நிற்பது அரசி. ஆகையால் இப்பேச்சில் மூலைவிட்டமாகச் செல்லும் காயையே மந்திரி என்று குறிப்பிடுவேன். மூலையில் நிற்பது கோட்டை. அதை அடுத்தது குதிரை. அதை அடுத்தது மந்திரி. நடுவில் அரசனும் அரசியும். ஒவ்வொரு காயின் முன்னும் ஒரு சிப்பாய் நிற்கிறான். எந்தக் காயின் முன் நிற்கிறானோ அந்தக் காயின் பெயரால் அவனைச் சுட்டுவோம். பலகையில் அரசி நிற்கும் பாதியை அரசி பக்கம் என்றும், அரசன் நிற்கும் பாதியை அரசன் பக்கம் என்றும் வழங்குவோம். வீட்டிலே பலகை வைத்திருப்போர் இப்பொழுது அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் நலம்.

'இந்தியன்' என்ற பெயர் எவ்வாறு வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தா நகரில் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் வாழ்ந்தார். அவர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். அவருக்கு ஈடுகொடுக்க அந்நகரில் எவருமிலர் என்ற நிலை இருந்தது. அப்பொழுது கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தைச் சார்ந்த ஒருவர், உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோல்வியே அறியாத அந்தணர் ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்று, அவரோடு ஆடிப்பார்த்து, நகருக்கு அழைத்து வந்தார். அவரே மகேஷ்சந்திர பானர்ஜி. இச்செய்தி 1850ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த ஒரு சதுரங்க இதழில் அச்சாகியது. அவரும் காக்ரேனும் பின்னர்ப் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

அக்காலத்து ஐரோப்பியர், ஆட்டம் தொடங்கியதும் சிப்பாய்களை இரண்டிரண்டு கட்டங்கள் தள்ளி, பலகையின் நடுக்களத்தைக் கைப்பற்றுவதையே கடமையாகக் கருதினர். மகேஷ்சந்திரரோ பல ஆட்டங்களில் அவ்வாறு செய்யவில்லை. குதிரையின் முன் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அவன் விட்ட இடத்தில் மந்திரியை அமர்த்தி, தொலைவிலிருந்தே நடுக்களத்தை நோக்கச் செய்தார். இதற்கு இயல்பான காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டு ஆட்டத்தில் பல பகுதிகளில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்வான். அம்முறையில் வளர்ந்தவர்க்குப் பொறுமையான அமைப்பே கைவந்த கலையாகும். 'இந்தியத் தற்காப்பு' என்னும் பெயர் 1884ஆம் ஆண்டிலேயே அச்சில் காணப்படுகிறது. அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் மகேஷ்சந்திரரின் ஆட்டங்களே.

ஆயினும் ஐரோப்பிய அறிஞர் இம்முறையை நெடுங்காலம் ஒரு விநோதமாகவே கண்டனர். நடுக்களத்தைச் சிப்பாய்களால் நிரப்பியவனே மேம்பட்டவன் என்பது அவர்களுடைய கொள்கை. முதல் உலகப் போருக்குப் பின், 1920களில், ரிச்சர்டு ரேட்டி, ஆரோன் நிம்சோவிச் முதலியோர் அக்கொள்கையை எதிர்த்து எழுதினர். எழுதியதோடு நில்லாமல் ஆடியும் காட்டினர். நடுக்களத்தில் குடியேறுவது வேறு, அதை ஆள்வது வேறு என்பது அவர்கள் வாதம். எதிரி அங்கே சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். அச்சிப்பாய்களே பிறகு நம் தாக்குதலுக்கு இலக்காகட்டும் என்றனர். மகேஷ்சந்திரர் பலகையில் செய்து காட்டியதற்கு எழுபது ஆண்டுகள் கழித்துத் தத்துவம் ஒன்று கிடைத்தது எனலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். வெள்ளை தன் அரசிச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுகிறது. கறுப்பு அதற்கு நேரெதிர் சிப்பாயைத் தள்ளாமல், அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்கிறது. வெள்ளை அரசி பக்கத்து மந்திரிச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பு அரசன் பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துகிறது. வெள்ளை அரசி பக்கத்துக் குதிரையை வெளிக்கொணர, கறுப்பு தன் மந்திரியைக் குதிரைச் சிப்பாய் விட்ட இடத்தில் அமர்த்துகிறது. வெள்ளை அரசன் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளிவிடுகிறது. கறுப்பு அரசிச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்துகிறது. பின்னர் வெள்ளை மற்றொரு குதிரையை வெளிக்கொணர, கறுப்பு கோட்டை கட்டி அரசனைப் பத்திரப்படுத்துகிறது.

இப்பொழுது பலகையைப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவில் மூன்று சிப்பாய்கள் அணிவகுத்து நிற்கின்றனர். கறுப்புக்கோ தன் எல்லையைக் கடந்த சிப்பாய் ஒருவனும் இல்லை. விவரம் அறியாதவர் பார்த்தால், வெள்ளை நாட்டையே பிடித்துவிட்டது, கறுப்பு வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டது என்பார்.

உண்மையில் இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருக்கின்றனர். வெள்ளைக்குக் கிடைத்தது இடம். இடம் மிகுந்தவன் தன் படைகளை ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு எளிதில் மாற்றலாம். எதிரியின் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் பிடித்த இடத்தைக் காக்கும் பொறுப்பும் அவனுடையதாகிறது. முன்னே சென்ற சிப்பாய் திரும்பி வரமாட்டான். சதுரங்கத்தில் பின்வாங்க இயலாத காய் அவன் ஒருவனே. கறுப்புக்குக் கிடைத்தது தெரிவுரிமை. தன் சிப்பாய்களை இன்னும் நிலைப்படுத்தாததால், எந்த இடத்தில், எந்த வேளையில் மோதுவது என்பதை அது முடிவு செய்யலாம். ஆனால் அவ்வுரிமையைக் காலத்தில் பயன்படுத்தியாக வேண்டும். மோதாமல் காத்திருந்தால், வெள்ளை தன் இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு கறுப்பை மெல்ல நெரித்துவிடும். கறுப்பின் பொறுமை ஓய்வாக மாறிவிடலாகாது. இத்தொடக்கத்தின் உயிர்நிலை இதுவே.

மோதல் எங்கே நிகழ்கிறது? வெள்ளை மந்திரியை ஒரு கட்டம் வெளிக்கொணர்ந்து கோட்டை கட்ட ஆயத்தமாகும்பொழுது, கறுப்பு தன் அரசன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வெள்ளையின் அரசிச் சிப்பாயை எதிர்த்து நிறுத்துகிறது. வெள்ளைக்கு இப்பொழுது மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, சிப்பாயை வெட்டிக்கொள்வது. அரசிகளும் பெரும்பாலும் மாறிப்போய், ஆட்டம் அமைதியாகிவிடும். ஆனால் வெள்ளையின் அரசிச் சிப்பாய் நீங்கிய கட்டம் பள்ளமாகிறது. அங்கே கறுப்புக் குதிரை வந்து அமர்ந்தால் அதை விரட்ட வெள்ளைக்குச் சிப்பாய் இல்லை. ஆகவே இவ்வழியில் வெள்ளை பெரிதாக எதையும் அடைவதில்லை.

இரண்டாவது வழி, ஒன்றும் செய்யாமல் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. அப்பொழுது கறுப்பே சிப்பாயை வெட்டிக்கொள்ளலாம். வெட்டினால் நீண்ட மூலைவிட்டம் திறந்து, கறுப்பு மந்திரியின் பார்வை பலகையின் மறுமூலைவரை பாயும். அதன் குதிரைகளுக்கும் நல்ல இடங்கள் கிடைக்கும். ஆனால் ஒரு குறையும் நேரும்: கறுப்பின் அரசிச் சிப்பாய் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்து, பக்கத்துணையின்றித் திறந்த வரிசையில் நிற்பான். பழைய நூல்கள் இக்குறை ஒன்றையே காரணமாகக் காட்டி இத்தற்காப்பைத் தள்ளின.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் சோவியத் உக்ரேனில் வளர்ந்த இருவர்: ஐசக் போலெஸ்லாவ்ஸ்கி, டேவிட் பிரான்ஸ்டைன். அச்சிப்பாய் பலவீனமானவன்தான்; ஆனால் அவனைத் தாக்க வெள்ளைக்கு நேரம் கிடைக்க வேண்டுமே என்று அவர்கள் கேட்டனர். 1946ஆம் ஆண்டில் பிராக் நகருக்கும் மாஸ்கோவுக்கும் நடந்த போட்டியில், பிரான்டிசெக் சீட்டா என்பவரை எதிர்த்துப் பிரான்ஸ்டைன் கறுப்பு ஆடினார். வெள்ளையின் மந்திரி தன் மூலைக் கட்டத்தில் நின்று நீண்ட மூலைவிட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. பிரான்ஸ்டைன் தம் கோட்டையையே கொடுத்து அக்காவலனை வெட்டினார். கோட்டை மந்திரியைவிட மதிப்பு மிக்கதாயினும், அந்த மந்திரி நீங்கியதும் மூலைவிட்டம் முழுவதும் கறுப்பின் ஆட்சிக்குள் வந்தது. விரைவில் வெள்ளையின் நிலை சரிந்தது. அதே போட்டியில் லுடெக் பாச்மனையும் அவர் இதே தற்காப்பால் வென்றார். 1951ஆம் ஆண்டில் அதே பிரான்ஸ்டைன் உலக விருதுக்கான ஆட்டத் தொடரில் மிகையில் பாட்வினிக்கோடு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சமன் செய்தார்.

மூன்றாவது வழி, வெள்ளை அரசிச் சிப்பாயை மேலும் ஒரு கட்டம் தள்ளி, நடுக்களத்தைப் பூட்டிவிடுவது. பொதுவாக, கறுப்பு தன் அரசி பக்கத்துக் குதிரையைக் கொணர்ந்து அச்சிப்பாயைத் தாக்கியவுடன் வெள்ளை இவ்வாறு செய்யும். முன்னேறும் சிப்பாய் குதிரையைத் தாக்குவதால், அது அரசனின் பக்கமாக ஒதுங்குகிறது. வெள்ளை ஒரு நகர்வை மிச்சப்படுத்தியதாகத் தோன்றும். ஆனால் விரட்டப்பட்ட குதிரை போய்ச் சேர்ந்த இடமோ, சிறிது நேரத்தில் கறுப்பின் தாக்குதல் எழப்போகும் இடம். துரத்தியவனே துணைப்படையை அனுப்பிவைத்தது போலாகிறது.

நேயர்களே, நடுக்களம் பூட்டப்பட்ட இந்நிலையையே நீங்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிப்பாய்கள் இப்பொழுது சங்கிலிபோல் மூலைவிட்டமாகக் கோத்து நிற்கின்றனர். வெள்ளையின் சங்கிலி அரசன் சிப்பாயிலிருந்து அரசிச் சிப்பாய்க்குச் சென்று, அரசி பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கறுப்பின் சங்கிலி அரசிச் சிப்பாயிலிருந்து அரசன் சிப்பாய்க்குச் சென்று, அரசன் பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சங்கிலி எத்திசையில் சாய்கிறதோ அத்திசையில் அதற்குரியவனுக்கு இடம் மிகுதி; இடம் மிகுந்த திசையிலேயே அவன் தாக்க வேண்டும். எனவே வெள்ளை அரசி பக்கத்திலும், கறுப்பு அரசன் பக்கத்திலும் போர் தொடுப்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. நிலையின் கட்டளையே அது.

தாக்குவது எதை? சங்கிலியின் தலையை அன்று, அடியை. மரத்தை வீழ்த்த விரும்புவோன் வேரை நாடுவது போன்றது இது. கறுப்புச் சங்கிலியின் அடி, அதன் அரசிச் சிப்பாய். அவனை அசைக்க வெள்ளை தன் அரசி பக்கத்து மந்திரிச் சிப்பாயை ஐந்தாம் கட்டத்துக்குத் தள்ள வேண்டும். வெள்ளைச் சங்கிலியின் அடி, அதன் அரசன் சிப்பாய். அவனை அசைக்கக் கறுப்பு தன் அரசன் பக்கத்து மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். இவ்விரண்டு நகர்வுகளே இருதரப்பின் திறவுகோல்கள். இதற்கு முன் நடக்கும் பலவும் இவற்றுக்கான ஆயத்தங்களே.

வெள்ளை தன் குதிரையை அரசன் பக்கத்திலிருந்து பின்னுக்கு இழுத்து, நடுவழியாகக் கொணர்ந்து, மந்திரிச் சிப்பாயின் முன்னேற்றத்துக்குத் துணை நிறுத்துகிறது. கறுப்பும் தன் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, மந்திரிச் சிப்பாய்க்கு வழிவிடுகிறது. முன்னே செல்ல வேண்டிய வேளையில் இருவரும் பின்னே செல்கிறார்களே என்று புதியவர் வியப்பர். வண்டி புறப்பட வேண்டுமானால் வாயிலில் நிற்பவர் விலக வேண்டும் அன்றோ!

பிறகு ஓட்டம் தொடங்குகிறது. கறுப்பின் மந்திரிச் சிப்பாய் மோத வருகிறான். வெள்ளை தன் மந்திரிச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அரசன் சிப்பாயைத் தாங்குகிறது. கறுப்பு மோதாமல் மேலும் முன்னேறிச் சங்கிலியை நீட்டுகிறது. இப்பொழுது வெள்ளைச் சங்கிலியின் அடி ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அதைத் தாக்கக் குதிரைச் சிப்பாய் புறப்படுகிறான். அவனுக்குத் துணையாகக் கோட்டைச் சிப்பாயும் வருகிறான். அதே வேளையில் வெள்ளை அரசி பக்கத்தில் மோதி, சிப்பாயை வெட்டி, மந்திரி வரிசையைத் திறந்து, கோட்டையை அங்கே நிறுத்தி, குதிரையைக் கறுப்பின் எல்லைக்குள் புகுத்துகிறது. இரண்டு படைகள் ஒன்றையொன்று சந்திக்காமல், ஒன்று மற்றொன்றின் ஊரைக் கொள்ளையிடப் புறப்பட்டது போன்ற காட்சி இது.

இவ்வோட்டத்தில் யாருக்கு மேன்மை? கணக்கிட்டுப் பார்த்தால் வெள்ளையே பெரும்பாலும் முந்தி நுழைகிறது. ஆனால் அது கொள்ளையிடுவது சிப்பாய்களையும் காய்களையும். கறுப்பு பின்தங்கிப் புகுந்தாலும் அது தேடிவருவது அரசனை. ஒரு காயை இழந்தவன் மேலும் ஆடலாம். அரசனை இழந்தவனுக்கு ஆட்டமே இல்லை. ஆகையால் வெள்ளை பத்துமுறை சரியாக ஆடி, பதினோராவது முறை தவறினாலும் தோற்கலாம். கறுப்பு தவறினாலோ, உடனே அழியாவிடினும் தாக்குதல் வலுவிழந்து, வெறுங்கையோடு நின்றுவிடும். வெள்ளையின் ஆபத்து திடீரென வருவது. கறுப்பின் ஆபத்து மெல்ல வருவது. தம் மனப்பாங்குக்கு எந்த ஆபத்து பொருந்தும் என்பதை ஒவ்வோர் ஆட்டக்காரரும் தாமே ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

இப்போர்முறைக்கு அர்ஜெந்தீனாவின் கடற்கரை நகரமான மார் தெல் பிளாட்டாவின் பெயரை இட்டிருக்கின்றனர். 1953ஆம் ஆண்டில் அங்கு நடந்த போட்டியில் யூகோஸ்லாவிய வீரர் ஸ்வெட்டோசார் கிளிகோரிச், மிகுவேல் நைதார்ஃபை எதிர்த்துக் கறுப்பு ஆடி, இவ்வாறு வென்றார். தோற்ற நைதார்ஃப் பாடத்தை வீணாக்கவில்லை. அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்த பெரும் போட்டியில் அவரே கறுப்பு ஆடி, மார்க் தைமானோவை அதே திட்டத்தால் வென்றார். அரசி பக்கத்தில் தைமானோவ் நன்றாகவே முன்னேறினார். ஆனால் அவருடைய அரசனைக் கறுப்புச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டன. சூரிக் போட்டியைப் பற்றிப் பிரான்ஸ்டைன் எழுதிய நூல் இத்தற்காப்பின் கருத்துகளை உலகெங்கும் பரப்பியது.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கறுப்பு தொடக்கத்திலேயே பெருமுயற்சியோடு அமர்த்திய அரசன் பக்கத்து மந்திரி, நடுக்களம் பூட்டப்பட்டபின் தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னே அடைபட்டுவிடுகிறது. அதை என்ன செய்வது? கறுப்பு அதை ஒரு கட்டம் பின்னே இழுத்து, பழைய இடத்திலேயே நிறுத்திச் சங்கிலியின் அடியைக் காக்க வைக்கிறது. விட்ட இடத்தில் கோட்டை வந்து தாக்குதலுக்குத் துணை செய்கிறது. மறுபக்கம், தொடக்கம் முதல் தன் இடத்தைவிட்டு நகராத அரசி பக்கத்து மந்திரியே கறுப்பின் தாக்குதலுக்கு மிகவும் வேண்டியவன். குதிரைச் சிப்பாயின் முன்னேற்றத்துக்குத் தொலைவிலிருந்து துணை நிற்பவனும், இறுதியில் வெள்ளை அரசனின் அரண் மீது தன்னைப் பலியிட்டு வழி திறப்பவனும் அவனே. இதை அறிந்த வெள்ளை, சில ஆட்டங்களில் தன் குதிரையை மூன்று நான்கு நகர்வுகள் செலவிட்டு அனுப்பி, நகராமல் நிற்கும் அந்த மந்திரியை வெட்டிவிடுகிறது. நகர்ந்த காயைவிட நகராத காய் அஞ்சத்தக்கது என்பதை வேறெந்தத் தொடக்கமும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

வெள்ளை இவ்வோட்டப் பந்தயத்துக்கு உடன்பட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஜெர்மானியர் ஃபிரெடெரிக் சாமிஷின் பெயரால் வழங்கும் முறையில், வெள்ளை தொடக்கத்திலேயே அரசன் பக்கத்து மந்திரிச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அரசன் சிப்பாயை உறுதிப்படுத்திவிட்டு, அரசி பக்கத்தில் கோட்டை கட்டி, அரசன் பக்கத்தில் தானே தாக்குகிறது; கறுப்பு நாடும் களத்தையே பறித்துக்கொள்வது இதன் நோக்கம். நான்கு சிப்பாய்த் தாக்குதல் என்னும் முறையில், மந்திரிச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி நால்வரை அணிவகுக்கிறது. இடம் பெரிது, காவலும் பெரிது. இன்னொரு முறையில், வெள்ளையும் கறுப்பைப்போலவே குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரியை அரசனுக்கு அருகே அமர்த்துகிறது. கறுப்பின் தாக்குதலுக்கு அங்கே எளிதில் இலக்குக் கிடையாது. ஆர்மீனிய வீரர் டிக்ரான் பெட்ரோசியான் நடுக்களத்தை முன்கூட்டியே பூட்டி, மந்திரியால் கறுப்புக் குதிரையைக் கட்டிப்போட்டு, கறுப்பின் மந்திரிச் சிப்பாய் புறப்படுவதைத் தாமதப்படுத்தினார். இவை வேறுவேறாகத் தோன்றினும், கறுப்பின் திறவுகோல் நகர்வை எவ்வாறு மறுப்பது, தாமதிப்பது, அல்லது பயனற்றதாக்குவது என்ற ஒரே கேள்விக்குரிய விடைகளே.

இத்தற்காப்பைத் தம் முதன்மைக் கருவியாகக் கொண்டோர் வரிசையில் அமெரிக்கர் பாபி ஃபிஷரும், உலக வீரர் காரி காஸ்பரோவும் உளர். 1990ஆம் ஆண்டில் அனடோலி கார்ப்போவோடு நடந்த உலக விருதுத் தொடரிலும் காஸ்பரோவ் இதை ஆடினார். பின்னர் விளாதிமிர் கிராம்னிக், நடுக்களம் பூட்டப்பட்டவுடன் அரசி பக்கத்துக் குதிரைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மந்திரிச் சிப்பாயின் முன்னேற்றத்தை விரைவுபடுத்தும் முறையைக் கூர்மையாக்கினார். 1997ஆம் ஆண்டில் நோவ்கரத் நகரில் அம்முறையால் காஸ்பரோவையே அவர் வென்றார். அதன்பின் காஸ்பரோவ் இத்தற்காப்பை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். எனினும் இது மறையவில்லை. தைமூர் ராஜபோவ், ஹிகாரு நகமுரா போன்றோர் பின்னாளில் மிக உயர்ந்த போட்டிகளிலும் இதை ஆடினர்.

இன்றைய கணிப்பொறிகளைக் கேட்டால், வெள்ளைக்கே மேன்மை என்று விடை சொல்லும். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் இயந்திரத்துக்கு அச்சமில்லை. கடிகாரம் ஓடும்பொழுது கைநடுக்கமும் இல்லை. வெள்ளை அந்த மேன்மையைக் காப்பாற்றப் பல நகர்வுகளைப் பிழையின்றித் தேர வேண்டும். எதிரே கறுப்புச் சிப்பாய்கள் அரசனை நோக்கி வரும்பொழுது அது எல்லோர்க்கும் எளிதன்று. ஆட்டம் மனிதர் இருவரிடையே நிகழும்வரை இத்தற்காப்புக்கு இடமிருக்கும்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள். வெள்ளை ஆடுபவர், இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து இருந்துவிடாமல், மந்திரிச் சிப்பாயின் மோதல் எப்பொழுது என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். அரசி பக்கத்தில் ஒவ்வொரு நகர்வு ஆடுமுன்னும் அரசனை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கறுப்பு ஆடுபவர், தாக்குதல் வெறியில் சங்கிலியின் அடியை மறவாதீர்கள். அது விழுந்தால் முன்னே சென்ற சிப்பாய்கள் வேரற்ற கிளைகள். அரசி பக்கத்துச் சிப்பாய் ஒன்று போகிறதென்று பதறி ஓடி வராதீர்கள். நகராத மந்திரியை அற்பக் காரணத்துக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள். இருவரும் ஒருமுறை ஆடியபின் காய்களை மாற்றிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து ஆடுங்கள். எதிரியின் நாற்காலியில் அமர்ந்து பார்க்காதவன் இத்தொடக்கத்தின் பாதியையே அறிவான்.

இந்திய ஆட்டக்காரருக்கு இன்று உலகில் பெருமை குறையில்லை. விசுவநாதன் ஆனந்த் 2000ஆம் ஆண்டிலும் பின்னரும் உலக வீரரானார். 2024ஆம் ஆண்டில் குகேஷ் பதினெட்டு வயதில் அப்பட்டத்தைப் பெற்றார். ஆயினும் அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, வங்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, அயல்விதிகளைப் பயின்று, தம் நாட்டுப் பொறுமையைக் கைவிடாமல் ஆடிய ஒருவரின் சிந்தனை, 'இந்தியன்' என்னும் சொல்லுக்குள் நின்று உலகமெங்கும் ஆடப்பட்டு வருகிறது. நாட்டின் பெயர் நூல்களில் நிலைத்தது. அவருடைய பெயரை அறிந்தோர் மிகச் சிலர். அடுத்தமுறை உங்கள் எதிரி நடுக்களத்தில் மூன்று சிப்பாய்களை நிறுத்தும்பொழுது, குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி மந்திரியை அமர்த்துங்கள். அதை முதலில் காக்ரேனுக்கு ஆடிக் காட்டியவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்பதையும் எதிரிக்குச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.